தத்துக்குப் பணம்: எந்த வழி எந்தக் கட்டத்தில் உதவும்?

வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க, அமெரிக்காவில் வாழும் தம்பதிக்கு ஆகும் மொத்தச் செலவு பொதுவாக 30,000 டாலருக்கும் 50,000 டாலருக்கும் நடுவில் எங்காவது வந்து நிற்கும். கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு அடுத்து வரும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மானியம் கேட்கலாமா, சபையில் சொல்லலாமா, இணையத்தில் நன்கொடை திரட்டும் கோஃபண்ட்மி போடலாமா, கடனா? எது அதிகம் தரும் என்று எழுதிப் பார்ப்பார்கள். தொகையை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் பாதி வழியில் இடிக்கும். ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பதே சரி. இந்தப் பணம் எப்போது கைக்கு வரும்? தத்து நடுவில் நின்றுபோனால் இந்தப் பணம் என்ன ஆகும்?

இங்கே எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவத் தம்பதி இந்தியாவிலிருந்து தத்தெடுக்கும் நிலையை. வேறு நாடு என்றால் கட்டணங்கள் மாறும், பணம் வரும் வரிசை மாறாது.

பணத்துக்கு முன் ஒரு சோதனை

கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால்தான், வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கத் தகுதி கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் போடும் ஐ-800ஏ விண்ணப்பத்தைப் போட முடியும். இருவருமே கிரீன் கார்டிலோ எச்-1பி வேலை விசாவிலோ இருந்தால் இந்த வாசல் திறக்காது. இந்தியக் குடிமக்கள் என்பதால் காராவில், அதாவது மத்திய தத்துவள ஆணையத்தில், என்.ஆர்.ஐ. வரிசையில் குழந்தை கிடைத்துவிடலாம். ஆனால் அந்தக் குழந்தையை அமெரிக்காவுக்குக் கூட்டிவர, இரண்டு வருடம் சட்டப்படி பொறுப்பில் வைத்து ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்டச் சொல்லும் வேறு விதிக்குள் போகவேண்டியிருக்கும். நடைமுறையில் ஒருவர் வேலையை விட்டு இந்தியாவில் இரண்டு வருடம் இருக்கவேண்டும் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது. குடியுரிமை வரும்வரை பொறுப்பது மலிவு.

இன்னொன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. நமக்கு வழி 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான். அக்கா பிள்ளையாகவே இருந்தாலும், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது தத்து ஆகாது. உறவுக் குழந்தையும் காரா வழியாகவே வரவேண்டும். ஆணையில் கையெழுத்திடுபவர் மாவட்ட ஆட்சியர்.

செலவு மொத்தமாக வருவதில்லை

முதல் கட்டத்தில் ஏஜென்சி விண்ணப்பம், ஹோம் ஸ்டடி (சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பற்றி எழுதும் அறிக்கை), பிறகு ஐ-800ஏ. இந்தக் கடைசிப் படிவத்துக்கு 2024 ஏப்ரலிலிருந்து 920 டாலர், கைரேகைச் செலவும் அதற்குள்ளேயே. அடுத்து டாசியர் என்னும் காகிதக் கட்டு: திருமணச் சான்று, வருமானம், மருத்துவம், காவல்துறைச் சான்று என்று ஒவ்வொரு காகிதமும் நோட்டரி ஆகி, வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசுச் சான்றான அப்போஸ்டில் ஆகவேண்டும். காகிதம் ஒன்றுக்குச் சில டாலர்தான், ஆனால் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் முதலிலிருந்து. பிறகு குழந்தை பொருந்திவரும் நேரத்தில் ஏஜென்சியின் பெரிய தவணையும், குழந்தையைப் பராமரிக்கும் இந்தியச் சிறப்புத் தத்துவள மையத்துக்குச் செல்லும் 5,000 டாலரும். அதன்பின் பயணம், மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட், 325 டாலர் விசாக் கட்டணம். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் செலவு தொடரும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று என ஆறு அறிக்கைகள் காராவுக்குப் போகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், அவருக்குக் கட்டணம் உண்டு.

பலர் பார்க்கத் தவறுவது காகிதங்களின் ஆயுள். ஹோம் ஸ்டடி, ஐ-800ஏவோடு சேர்க்கப்படும்போது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம் செல்லும். “பணம் சேரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று நடுவில் நிறுத்தினால் காகிதம் காலாவதியாகி, ஹோம் ஸ்டடியைப் புதுப்பிக்க மறுபடி செலவு. ஆகவே பணம் திரட்ட வேண்டிய காலம் ஹோம் ஸ்டடிக்கு முன்னால். ஆனால் மானியம் தருபவர்கள் முடிந்த ஹோம் ஸ்டடியைத்தான் கேட்பார்கள். பணம் திரட்டும் தம்பதிகள் மாட்டிக்கொள்வது இந்த முடிச்சில்தான். வழிகளை வரிசைப்படுத்தச் சொல்வதும் இதற்காகவே.

கைப்பணம்

எதுவும் ஈடாகாத முதல் வழி. முதல் கட்டத்துக்கு 8,000 முதல் 10,000 டாலர்வரை சொந்தச் சேமிப்பில் இல்லாமல் ஏஜென்சியிடம் கையெழுத்துப் போடாதிருப்பது நல்லது. ஏஜென்சிக் கட்டணத்தில் எது திரும்பும், எது திரும்பாது என்ற விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு அதைத் தரும் கடமை உண்டு. இழுத்தடித்தால் வேறு ஏஜென்சி பாருங்கள்.

தத்து நின்றுபோனால் போவது உங்கள் பணம் மட்டுமே. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு விலை உண்டு என்பது மற்ற வழிகளில் போனவர்களுக்குத் தெரியும்.

மானியங்கள்

டென்னசியில் இருக்கும் ஷோ ஹோப், இல்லினாயைச் சேர்ந்த லைஃப்சாங் ஃபார் ஆர்ஃபன்ஸ் ஆகியவை கிறிஸ்தவ அமைப்புகள். கிஃப்ட் ஆஃப் அடாப்ஷன் ஃபண்ட், ஹெல்ப் அஸ் அடாப்ட் போன்றவை மதம் பார்ப்பதில்லை. கிறிஸ்தவ அமைப்புகள் பலவும் விசுவாச அறிக்கையும் போதகரின் கடிதமும் கேட்கும். ரோமன் கத்தோலிக்கத் தம்பதிகள் அந்த விசுவாச அறிக்கையை முதலில் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. சில இடங்களில் அதன் வாசகம் சுவிசேஷ சபைகளை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் கடிதம் தந்த பங்குத்தந்தைக்கும் சங்கடம்.

மானியம் உங்கள் கைக்கு வராது, ஏஜென்சிக்கு நேராகப் போகும். ஏற்கெனவே கட்டிய பில்லுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். இதனால்தான் விண்ணப்பங்களை ஹோம் ஸ்டடி முடிந்த வாரமே அனுப்பவேண்டும். பெரிய தவணையைச் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு மானியத்துக்குக் காத்திருந்தால், மானியம் நுழைய இடமே இருக்காது. விண்ணப்பம் தள்ளுபடியாக வழக்கமான காரணங்கள் சில: ஹோம் ஸ்டடி இன்னும் வரைவிலேயே இருப்பது, ஹோம் ஸ்டடியில் சொன்ன வருமானமும் மானிய விண்ணப்பத்தில் சொன்ன வருமானமும் ஒத்துப்போகாதது, ஏஜென்சி அங்கீகாரம் இல்லாதது. ஊரில் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை ஓரிடத்தில் எழுதி மற்றோரிடத்தில் விட்டுவிடுவது நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு.

நின்றுபோனால்? செலவாகாத மானியம் அமைப்புக்கே திரும்பும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மனஸ்தாபம் இல்லை.

சபை வழியாகத் திரட்டுவது

இதில்தான் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் இது எளிதாகத் தெரியும் வழி.

மேட்சிங் மானியம் என்று ஒன்று உண்டு. சபையாரும் நண்பர்களும் ஒரு குறிப்பிட்ட தொகைவரை தருவதை, லைஃப்சாங் போன்ற அமைப்பு அதே அளவு சேர்த்து இரட்டிப்பாக்கும். போத் ஹேண்ட்ஸ் என்னும் அமைப்பின் முறை வேறு. தம்பதியும் நண்பர்களும் ஒரு விதவையின் வீட்டை ஒரு நாள் பழுதுபார்ப்பார்கள். அந்த உழைப்புக்கு ஆதரவு கேட்டு ஒவ்வொருவரும் கடிதம் அனுப்புவார்கள். வரும் பணம் தத்துக்குப் போகும். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்கிறது யாக்கோபு 1:27; அந்த இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் செய்துவிடுகிற யோசனை. சும்மா காசு கேட்கக் கூச்சப்படும் தம்பதிகளுக்கு இது பொருந்தும்.

வரிக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. குறிப்பிட்ட ஒருவருக்கென்றே தரும் பணத்துக்கு, அது சபை மூலமாகப் போனாலும், தருபவருக்கு வரிவிலக்கு கிடையாது. சபை ஒரு தத்து நிதி தொடங்கி, யாருக்கு எவ்வளவு என்ற அதிகாரத்தைத் தன்னிடமே வைத்திருந்தால்தான் அந்த ரசீது செல்லும். காசோலையின் மெமோ வரியில் “இன்னாருக்கு” என்று எழுதியதே பிரச்சினை ஆகலாம். என்ன எழுதவேண்டும் என்பதை நிதியை நடத்துபவர் சொல்கிறபடி எழுதச் சொல்லுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் திரட்டினாலும் இதே கவனம் வேண்டும். ஒரு சீப்பு வாழைப்பழம் 300 டாலருக்கு ஏலம் போனால், எடுத்தவர் கழித்துக்கொள்ளக்கூடியது பழத்தின் கடை விலை போக மிச்சம் மட்டும்.

ஆனால் சபைப் பணத்தின் உண்மையான செலவு வரியில் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் “என்னாச்சு, இன்னும் வரலையா?” என்று நாற்பது பேர் கேட்பார்கள், இரண்டு வருடம். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்கக் கடினமானது, பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது ஓர் ஆன்ட்டி வாஞ்சையோடு, “நாங்க எல்லாரும் காசு போட்டுக் கொண்டுவந்த பிள்ளைல்ல நீ” என்று சொல்வது. சொன்னவர் மனதில் கள்ளமில்லை. பிள்ளைக்கு அது கடன் மாதிரி கேட்கும். சிறிய சபையில், எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், இது நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சபையில் திரட்டுவதாக இருந்தால், பயணச் செலவு போன்ற பெரியவர்களின் செலவுக்கு என்று குறிப்பிட்டுத் திரட்டுங்கள். “எங்கள் டிக்கெட்டுக்கு உதவினார்கள்” என்பது பிள்ளையிடம் சொல்லக்கூடிய வாக்கியம்.

எச்சரிக்கை ஒன்றைத் தனியாகவே சொல்லவேண்டும். சபை தாங்கும் குழந்தைகள் இல்லத்தில், ஊருக்குப் போனபோது பார்த்துப் பழகிய குழந்தையையே தத்தெடுக்க ஆசைப்படுவது இயல்பு. நாடு கடந்த தத்துக்கான ஹேக் உடன்படிக்கையின்படி, உறவல்லாத குழந்தையை வளர்க்கும் பொறுப்பில் உள்ளவர்களோடு முன்கூட்டித் தொடர்பு வைத்துப் பேசி முடிப்பது, பொருந்திய குழந்தைக்காக அமெரிக்காவில் போடும் ஐ-800 மனுவை மறுக்கக் காரணம் ஆகும். குழந்தைகள் நலக் குழு ‘தத்துக்குச் சட்டப்படி தடையில்லை’ என்று அறிவிக்காத குழந்தை தத்துக்குரிய குழந்தையே அல்ல. அந்த நேரத்தில் சபை அந்த இல்லத்துக்குக் கட்டடக் காணிக்கை அனுப்பினால், குழந்தைக்காகக் கொடுத்த பணம் என்று பார்க்கப்படும் ஆபத்து இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் முறை மீறிய தத்துக்கு மூன்று ஆண்டுவரை சிறை. நல்லெண்ணம் இங்கே வாதம் ஆகாது.

கோஃபண்ட்மியும் அதன் படமும்

வேகத்தில் இதற்கு நிகரில்லை, பணம் நாட்களில் வங்கிக்கு வரும். கட்டணம் ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 200 பேர் 50 டாலர் வீதம் தந்தால் 10,000 டாலர். அதில் 290-உம் 60-உம் போக உங்களுக்கு 9,650. தருபவருக்கு வரிவிலக்கு இல்லை, அது தனிப்பட்ட பரிசு.

அதிகம் பணம் கொண்டுவருவது குழந்தையின் படம். அதைப் போடவே கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது; ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். முகத்தை மங்கலாக்கிவிட்டு, பெயரையும் இல்லத்தையும் நோய் விவரத்தையும் எழுதுகிறவர்கள் உண்டு. அதுவும் அடையாளம்தான். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டதும் வெளியிட்டதே, ஒருவர் முன்னனுப்பினால் முடிந்தது. உங்கள் இருவரின் படமும், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலும் போதும்.

கடன்

வட்டியில்லாக் கடன் தரும் கிறிஸ்தவ அமைப்புகள் உண்டு, லைஃப்சாங்கும் தருகிறது. பயணத்துக்கு முந்தைய பெரிய தவணையை இது தாங்கும், தத்து முடிந்த பின் வரிச் சலுகையாக வரும் பணத்தால் அடைக்கலாம். இப்படி ஒரு பாலமாக வாங்கும் கடன் புத்திசாலித்தனம். மொத்தச் செலவையும் கடனில் போடுவது வேறு விஷயம். தத்து நின்றாலும் கடன் நிற்காது.

நிறுவனம் வழியான ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யிலிருந்து கடன் என்றால், உங்கள் பெயரில் சேர்ந்த தொகையில் பாதிவரை, 50,000 டாலருக்குள். வேலை போனால் அந்த ஆண்டு வரித் தாக்கல் தேதிக்குள் அடைக்கவேண்டும். இதோடு பலர் குழப்பிக்கொள்வது, தத்துக்காக அபராதமின்றி 5,000 டாலர் எடுக்கும் சலுகையை. அது தத்து முடிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் எடுப்பதற்கு மட்டும், அதற்கும் வருமான வரி உண்டு. சம்பளமில்லா விடுப்பில் வீட்டிலிருக்கும் பன்னிரண்டு வாரங்களுக்கு அது உதவும், டிக்கெட்டுக்கு உதவாது.

நிறுவனமும் வரியும்: பெரிய தொகை, கடைசியில்

முதலில் உங்கள் நிறுவனத்தின் பலன் கையேட்டைத் திறந்து பாருங்கள். தத்து உதவி தரும் நிறுவனங்கள் பலவும் தத்து முடிந்த பின்னரே, ரசீது காட்டினால் தருகின்றன. ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் 12-ஆம் பெட்டியில் ‘T’ என்ற குறியீட்டோடு வரும். வருமான வரி இல்லை, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் உண்டு. வேலை மாறினால் போய்விடும்.

தத்து டாக்ஸ் கிரெடிட், அதாவது கட்டவேண்டிய வரியிலேயே கழியும் சலுகை, 2025-க்கு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர்வரை. படிவம் 8839. அதில் 5,000 டாலர்வரை, வரியே இல்லாவிட்டாலும் கையில் வரும். 2025-இல் வந்த மாற்றம் இது. மிச்சம் உங்கள் வரியைத்தான் குறைக்கும், தீராததை ஐந்து ஆண்டுவரை எடுத்துச் செல்லலாம். வரி 9,000 டாலர் வரும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 17,280-இல் 5,000 கையில் வரும். மிச்சம் 12,280-இல் 9,000 அந்த ஆண்டு வரியைத் துடைக்கும். 3,280 அடுத்த ஆண்டுக்குப் போகும்.

இதில் நான்கு இடத்தில் கால் இடறும். வெளிநாட்டுத் தத்து என்றால், தத்து சட்டப்படி முடிந்த ஆண்டில்தான் கேட்க முடியும், அதுவரை எத்தனை ஆண்டு செலவழித்திருந்தாலும். முடியாமலே போனால் ஒரு சென்ட் கிடையாது. உள்நாட்டுத் தத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்குச் செலவு பார்க்காமல் முழுத் தொகை உண்டு என்று படித்திருப்பீர்கள், அது அமெரிக்கக் குழந்தைகளுக்கு மட்டும். 2025 கணக்கில், வருமானம் 2,59,190 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கி 2,99,190-இல் காணாமல் போகும். இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் வீடுகள் பலவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை என்று வைத்தே திட்டமிடவேண்டும்.

நிறுவனம் தந்த டாலருக்கு மறுபடி கிரெடிட் கேட்கக்கூடாது. ஆனால் 40,000 டாலர் செலவில் நிறுவனம் 10,000 தந்திருந்தால், மீதியில் கிரெடிட் கேட்கலாம். மானிய அமைப்பு கட்டிய பில்லை உங்கள் செலவாகக் காட்டவேண்டாம்.

நின்றுபோவது கற்பனை அல்ல

சீனா 2024-இல் வெளிநாட்டுத் தத்துகளை, நெருங்கிய உறவினரும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையரும் எடுப்பவை தவிர, நிறுத்திவிட்டது. கோவிட் காலத்திலிருந்து பயணத்துக்குக் காத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் அதில் மாட்டின. எத்தியோப்பியா 2018-இல் மூடியது. 2004-இல் 22,000-க்கு மேல் இருந்த அமெரிக்க வெளிநாட்டுத் தத்துகள் 2023 நிதியாண்டில் 1,275. டாக்ஸ் கிரெடிட்டை நம்பிக் கடன் வாங்கியவர்களுக்கு இந்த எண்களின் அர்த்தம் புரியும்.

எப்படிச் சேர்ப்பது

வருமானம் நடுத்தரம், சேமிப்பு கொஞ்சம், வேலை நிலையானது என்றால்: முதல் கட்டம் கைப்பணம், பெரிய தவணைக்கு மானியமும் வட்டியில்லாக் கடனும், பயணத்துக்குச் சபை, கடனை அடைக்க வரிப் பணம். வருமானம் அதிகம் என்றால் மானியம் கேட்கவேண்டாம். தேவையை அவர்கள் பார்ப்பார்கள், இடம் வேறொருவருடையது. ஒரு வருடம் தள்ளிப்போட்டுச் சேமியுங்கள், நிறுவன உதவியைச் சரிபாருங்கள். கையில் 5,000 டாலர்கூட இல்லாமல், முழுவதும் பிறர் பணத்தில் தொடங்குவதை நாங்கள் சொல்லமாட்டோம். வெளிநாட்டில் குடியிருப்போருக்குக் காரா வழியாகக் கிடைக்கும் குழந்தைகளில் பலர் சற்றுப் பெரியவர்கள் அல்லது மருத்துவத் தேவை உள்ளவர்கள். தத்தோ ஒப்படைப்போ நடந்த 30 நாளுக்குள் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கவேண்டும், அதன் பிறகும் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்களே கட்டவேண்டிய தொகை, இருக்கிறது.

எந்த வழியாக இருந்தாலும், தனி வங்கிக் கணக்கு ஒன்றும், யார் எவ்வளவு எந்தத் தேதியில் தந்தார்கள் என்ற ஒரு ஏடும். முதல் டாலர் கேட்கும் கடிதத்திலேயே கடைசி வரியாக இது இருக்கட்டும்: “இந்தத் தத்து நிறைவேறாமல் போனால், செலவான தொகைக்குக் கணக்குத் தருவோம், மீந்ததை உங்களிடமே திருப்புவோம், அல்லது நீங்கள் சம்மதித்தால் சபையின் தத்து நிதியில் சேர்ப்போம்.”